பீச் மரத்துக்கு ஒரு குடை

என் வேலை நிழலை அளப்பது. சிரிக்காதீர்கள். பொருநைக் குமிழியில் இதற்கென்று தனி அலுவலகமே இருக்கிறது. அதில் ஒரு மேஜை, கால் ஆடுகிற இரண்டு நாற்காலிகள், வெளியே ‘பிரமசக்தி, நிழல் அலுவலர்’ என்று ஒரு பலகை.

செவ்வாய்க் கிரகத்தில் வெயில் ஏற்கெனவே சோகை பிடித்தது. குமிழியின் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வருவதற்குள் இன்னும் இளைத்துப்போகும். அதனால் கூரையில் தண்டவாளம் போட்டுப் பெரிய விளக்குகளைக் காலையிலிருந்து மாலைவரை கிழக்கிலிருந்து மேற்காக ஓடவிட்டிருக்கிறோம். அந்த வெளிச்சத்துக்கு ரேஷன். எந்த மரத்தின் தலையில் எவ்வளவு விழுகிறது, அதன் கீழே நிற்கிற கன்றுக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கருவி நட்டுப் பார்ப்பது என் பொறுப்பு. ஒருவர் பங்கை இன்னொருவர் திருடினால் பிடிப்பதும் நான்தான். அதனால் எனக்கு ஊரில் நண்பர்கள் குறைவு.

எங்கள் முன்னோர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். வந்த புதிதில் தென்னை, வாழை, வேம்பு எல்லாம் வைத்துப் பார்த்தார்களாம். குமிழிக்குள் இருக்கிற குளிருக்கு ஒன்றும் தங்கவில்லை. தாக்குப்பிடித்தவை குளிர்தேசத்துக் காட்டு மரங்கள்தான். பிர்ச், மேப்பிள், பீச். ஆகவே எங்கள் கல்யாணப் பந்தலில் வாழைக்குப் பதில் இரண்டு பிர்ச் மரங்களைக் கட்டுவோம். பந்தி மேப்பிள் இலையில். நாலு இலை சேர்த்துத் தைத்தாலும் ரசம் எப்படியாவது மடிக்கு வந்துவிடும். அதைச் சொல்லிக் காட்டினால் பெண்வீட்டார் கோபித்துக்கொள்வார்கள்.

தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு கன்று நட வேண்டும். அதன் அடித்தண்டில் ஒரு வளையம் மாட்டிவிடுவோம். மரம் பருக்கப் பருக்க வளையம் சிவப்பிலிருந்து மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து பச்சையாகும். பச்சை விழுந்தால்தான் பிள்ளை பெற அனுமதி. குமிழிக்குள் இன்னொரு மூக்கு மூச்சுவிட வேண்டுமானால் அதற்கான மரம் முதலில் நிற்க வேண்டும் என்பது சட்டம். பச்சை விழுந்து ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அந்த அனுமதி அடுத்த ஜோடிக்குப் போய்விடும். கன்று செத்துப்போனால் வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும். வரிசை ரொம்ப நீளம்.

இதில் எங்கள் ஆட்கள் ஒரு வழக்கத்தை நுழைத்துவிட்டார்கள். மகன் நடுகிற கன்றை அவன் அப்பா அம்மா நட்ட மரத்துக்கு அடியில்தான் நட வேண்டும். “பெரியவங்க நிழல்ல இருக்கட்டும்” என்று ஆசீர்வாதம் வேறு. வெயில் கொளுத்துகிற ஊரில் யாரோ நல்ல எண்ணத்தில் சொன்ன வார்த்தையை, வெளிச்சத்துக்கு ரேஷன் போட்டிருக்கிற ஊரிலும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். பெரிய மரத்தின் கீழே நூற்றில் இரண்டு பங்கு வெளிச்சம்கூடத் தேறாது என்று அளந்து ஊர் மன்றத்தில் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுவிட்டு எனக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

விவகாரம் சண்முகத்தாய் மதினியின் மேப்பிளில் தொடங்கியது. குமிழியிலேயே அகலமான மரம் அது. அதன் அடியில் ஏழு வருஷமாக நிற்கிறது மதினியின் மகன் பேச்சிமுத்துவும் மருமகள் ஆவுடையும் நட்ட பீச். ஆவுடை கன்று வாங்க வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எல்லாப் பெண்களும் பிர்ச்சைத்தான் கேட்பார்கள். வெள்ளைத் தோல், விறுவிறு வளர்ச்சி, பார்க்கவும் அழகு. இவள் மட்டும், “நிழல்ல சாகாம கிடக்குற மரம் எது, அக்கா?” என்று கேட்டாள்.

“பீச் எடுத்துக்கோ” என்றேன். “பிர்ச்சு ஊதாரி. வெளிச்சம் கிடைச்சா மடமடன்னு வளரும், கிடைக்கலன்னா செத்துரும். பீச் கஞ்சன். மெல்லிசா, அகலமா இலை விட்டு, ஒண்ணு மேல ஒண்ணு விழாம விரிச்சு வச்சிக்கிட்டு, வார கொஞ்ச வெளிச்சத்துல குடும்பம் நடத்தும். வளராது, ஆனா சாகாது. மேல இருக்குற மரம் என்னைக்கு விழுதோ அன்னைக்கு எழும்பும்.”

“அது வரைக்கும் காத்துக்கிட்டுக் கிடக்குமா?”

“எத்தன வருஷம்னாலும்.”

மாமியார் மரத்தின் அகலம் தெரிந்த புத்திசாலிப் பெண் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஏழு வருஷம் அந்த வளையம் சிவப்பாகவே இருந்தது. திடீரென்று இந்த வருஷம் மஞ்சளுக்கு வந்தது. வந்த வேகத்தைப் பார்த்தால் இரண்டு மூன்று மாதத்தில் பச்சை விழுந்துவிடும். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அங்கே நட்டிருந்த என் கருவி விசித்திரமாக ஏதோ சொல்லியது. உச்சி வேளையில் அந்தக் கன்றின் மேல் பளீர் பளீரென்று வெளிச்சம். அதற்குப் பிறகு, நூற்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லாத கும்மிருட்டு. நிழல் வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் நிழலுக்குள் நிழல் விழுந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு போய்ப் பக்கத்துப் பிர்ச் கூட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டேன். விளக்கு உச்சிக்கு வந்தது. சண்முகத்தாய் மதினி வந்தார். இடுப்பில் ஒரு எவர்சில்வர் தாம்பாளம். சுற்றும் முற்றும் பார்த்தார். நடைபாதையில் வெளிச்சம் விழுகிற இடத்தில் நின்று, தாம்பாளத்தை முந்தானையால் ஒரு துடை துடைத்து, சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் வட்டமாகப் பாய்ந்து போய் பீச்சின் மேல் உட்கார்ந்தது. மதினியின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் எழுந்து போனேன்.

“மதினி, கையில என்னது?”

“தாம்பாளம்.”

“தாம்பாளம்னு தெரியுது. அதுக்குக் காட்டுக்குள்ள என்ன சோலி?”

“தேய்ச்சேன். காயவைக்கக் கொண்டாந்தேன்.”

“காஞ்ச தாம்பாளத்தையா?”

மதினி தாம்பாளத்தை இறக்கினார். பிடிபட்டவர் மாதிரி நிற்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“ஏட்டி பிரமு, இந்த வெளிச்சம் பாதையிலதான விழுது? பாதை என்ன பூத்துக் காய்க்கவா போகுது? போறவன் வாரவன் மிதிச்சிட்டுப் போற வெளிச்சத்த எடுத்து ஒரு பச்சமண்ணுக்குக் குடுத்தா அது திருட்டா?”

“பாதையில விழுற வெளிச்சம் மண்ணச் சூடாக்குது மதினி. அந்தச் சூட்டுலதான் ராத்திரி வேரெல்லாம் உறையாமக் கிடக்கு. நீங்க ஒருத்தர் எடுத்தா ஒண்ணும் தெரியாது. ஆனா எல்லா வீட்லயும் தாம்பாளம் கிடக்கு.”

சட்டப்படி நான் புகார் எழுதினால் அந்தக் கன்றைப் பிடுங்கிவிடுவார்கள். அது மதினிக்கும் தெரியும்.

“ஒரே ஒரு கிளைய வெட்டச் சொல்லி நான் எத்தன தடவ கேட்டேன்” என்றேன். “உங்க மரம், நீங்க கையெழுத்துப் போட்டா போதும். கன்னுக்கு நேர்வழியில வெளிச்சம் வந்துருக்கும்.”

“கிளையவா?” மதினி மேப்பிளை அண்ணாந்து பார்த்தார். “அவுக கையால வச்ச மரம். அவுக போனதுக்கப்புறம் நான் வாயத் திறந்து பேசுறதே இதுகிட்டதான். கிளைய வெட்டிட்டு அப்புறம் வந்து உக்காந்து என்னத்தப் பேச?” தாம்பாளத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். “ஒரு பேரப்பிள்ளைய மடியில போட்டுப் பாத்துட்டா போதும் பிரமு. இந்த வீட்ல சத்தமே இல்ல. பேச்சிமுத்துன்னு பேரு வச்சேன், அவன் வாயே திறக்கமாட்டேங்கான்.”

இனிமேல் தாம்பாளத்தோடு பார்த்தால் கண்டிப்பாக எழுதிவிடுவேன் என்று மிரட்டி வீட்டுக்கு அனுப்பினேன். என் மிரட்டலுக்கு அவர் பயந்ததாகத் தெரியவில்லை. நான் பிர்ச் கூட்டத்துக்குள் திரும்பி வந்து டப்பாவைத் திறந்தேன். பாதி வழக்குதான் தீர்ந்திருந்தது. அந்தக் கும்மிருட்டு எங்கிருந்து வந்ததென்று தெரிய வேண்டும்.

தயிர்சாதம் முடிவதற்குள் ஆவுடை வந்தாள், வண்டி ஓட்டுகிறவர்களின் நீலச் சட்டையில். கையில் கறுப்புக் குடை. குமிழியில் வாரத்துக்கு ஒரு நாள் கூரைக் குழாய்களைத் திறந்து மழை விடுவார்கள், அதற்குத்தான் குடை. அன்றைக்கு மழை நாள் இல்லை. அவள் குடையை விரித்து, அதன் காம்பை ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டி, பீச்சுக்கு மேலே கவிழ்த்து வைத்தாள். குழந்தைக்குப் போர்த்திவிடுகிற மாதிரி அவ்வளவு பதமாகச் செய்தாள்.

“நல்ல குடும்பம்” என்றேன், பின்னாலிருந்து.

துள்ளி விழுந்தாள். “அக்கா! காட்டிக் குடுத்துராதிய! விளக்கு சாஞ்சதும் எடுத்துருவேன்.”

“யாருகிட்ட? உங்க அத்தை இப்பத்தான் இதே இடத்துல நின்னு வெளிச்சத்த ஊட்டிட்டுப் போனாக. நீ வந்து வாயப் பொத்துத. நான் யாருகிட்டன்னு சொல்ல?”

ஆவுடை அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “வடதுருவத்துப் பனியில இருந்து தண்ணிக்குக் குழாய் போட வண்டி கிளம்புதுல்லா, அதுல முன்வண்டி எனக்குக் குடுத்திருக்காக. கேட்டுக் கேட்டு வாங்கினது. குழாய் போட்டுக்கிட்டே போய்த் திரும்ப ரெண்டு வருஷம். கிளம்புறதுக்கு முன்னால இது பச்ச விழுந்துச்சுன்னா, பிள்ள பெறப்போறவ, வெளிய கதிர்வீச்சு ஆகாதுன்னு என்கிட்ட இருந்து வண்டியப் புடுங்கிருவாக. நான் போனதுக்கப்புறம் விழுந்தா ஒரு வருஷத்துல அனுமதி போயிரும்.”

“அப்ப பிள்ளையே வேண்டாமா?”

“ஐயோ, யாரு சொன்னா? வேணும்க்கா. இப்ப வேண்டாம். வந்து வேணும். அதுக்குத்தான அன்னைக்கே உங்ககிட்ட அப்படி ஒரு மரம் கேட்டேன்? சாகவும் கூடாது, வளரவும் கூடாது, எனக்காகக் கொஞ்சம் காத்துக்கிட்டுக் கிடக்கணும். பிர்ச்சு அத செய்யுமா?”

எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அவள் மாமியார் மரத்தைக் கணக்குப் பண்ணி வாங்கவில்லை, தன் வாழ்க்கையைக் கணக்குப் பண்ணி வாங்கியிருக்கிறாள்.

“இத வீட்ல சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னா அத்தை என்னையத் திட்டமாட்டாக. அழுவாக. அவுக அழுதாகன்னா நான் போகமாட்டேன். அதாங்க்கா பயம்.”

“பேச்சிக்குத் தெரியுமா?”

“அவர்தான் குடைய எடுத்துக் குடுத்தாரு.”

தாம்பாளத்தைப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்ததும் அவர்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பேசாத மனிதர்களை நான் எப்போதுமே நம்புவதில்லை.

அன்றைக்கு நான் அலுவலகத்துக்குத் திரும்பிப் புகார் எழுதியிருக்க வேண்டும். ‘கருவியில் தூசி, துடைத்தாகிவிட்டது’ என்று எழுதினேன். இருவர் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் இருவரில் யாருக்கு எதிராக எழுதுவது என்று என்னால் முடிவுசெய்ய முடியவில்லை.

என்னைக் கேட்காமல் பீச் முடிவுசெய்தது. அடுத்த வாரம் விடிந்ததும் விடியாததுமாகப் பேச்சிமுத்து என் வீட்டு வாசலில் நின்றார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்தது.

“இலையெல்லாம் கருகிட்டு.”

ஓடினேன். மதினி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். தாம்பாளம் தரையில் கவிழ்ந்து கிடந்தது. பீச்சின் இலைகள் ஓரத்திலிருந்து நடுவரை பழுப்பேறிச் சுருண்டிருந்தன. என் மிரட்டலுக்குப் பிறகு மதினி அவசரம் அவசரமாகக் விடிந்ததிலிருந்து உச்சிவரை வெளிச்சம் காட்டியிருக்கிறார். பிடிபடுவதற்குள் பச்சை விழவைத்துவிட வேண்டும் என்று.

“பிரமு, நான் நல்லதுக்குத்தான பண்ணேன்? வெளிச்சம் குடுத்தா எப்படிக் கருகும்?”

“நிழல்ல பிறந்த இலை மதினி. மெல்லிசு. கொஞ்சத்த வச்சுப் பிழைக்கத்தான் அதுக்குத் தெரியும். அதுமேல மொத்தமா வெளிச்சத்தக் கொட்டுனா வச்சிக்கத் தெரியாது. வெந்து போயிரும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும். புது இலை வரும்போது அது தடிச்ச இலையா வரும், அது தாங்கும்.”

“கொன்னுட்டேனா?”

நான் குனிந்து நுனிக் கிளையை நகத்தால் கீறிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவுடை ஓடிவந்தாள். கன்றைப் பார்த்ததும் அவள் அழுத அழுகையை நான் எதிர்பார்க்கவில்லை. வளரக் கூடாது என்று குடை பிடித்தவள், செத்துவிட்டதோ என்று விம்மி விம்மி அழுதாள். மதினி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, “நான்தான் தாயி, நான்தான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. என் உத்தியோகத்துக்கு அது அழகில்லை.

கீறிய இடத்தில் பச்சை தெரிந்தது. மொட்டும் உயிரோடு இருந்தது.

“சாகல” என்றேன். “ரெண்டு பேரும் மூக்கத் துடைங்க. ஆனா இனிமே தாம்பாளம் கிடையாது. இதுக்கு இப்ப நிழல் வேணும். இருக்குற நிழல் பத்தாது. மேல கவிழ்த்து நல்லா மூடணும். கொஞ்ச நாளைக்கு வளையத்தப் பத்தி யாரும் பேசக் கூடாது.”

“எத்தன நாளைக்கு?” என்றார் மதினி.

உண்மையான பதில், அடுத்த தளிர் வரும்வரை. அதாவது ஒரு பருவம். ஆவுடை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு வருஷம்” என்றேன்.

மதினி மெதுவாகத் தலையாட்டினார். அப்புறம் அவர் கண் ஆவுடையின் கையில் இருந்த குடைக்குப் போனது. பதற்றத்தில் அதையும் தூக்கிக்கொண்டே ஓடிவந்திருந்தாள்.

“இன்னைக்கு மழ விடுற நாள் இல்லியே. குடை எதுக்கு?”

பேச்சிமுத்து மேப்பிளின் உச்சியில் ஏதோ பறவையைத் தேடுவதுபோல அண்ணாந்து நின்றார். குமிழியில் பறவையே கிடையாது.

“வடக்க போற வண்டி திரும்பி வர எவ்வளவு நாளாகும்?” என்று கேட்டார் மதினி, பொதுவாக.

“ரெண்டு வருஷம், அத்தை.” ஆவுடை குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

மதினி கொஞ்ச நேரம் கன்றைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், அது மட்டும் கொஞ்சம் சுள்ளென்று இருந்தது. பிறகு கையை நீட்டினார்.

“குடைய இங்க குடு. நான் புடிக்கேன். உனக்கு வண்டிச் சோலி கிடக்கும்.”

ஆவுடை போனாள். வாரத்துக்கு ஒருமுறை வடக்கிலிருந்து செய்தி வந்தது. எங்கேயும் கூரையில்லாத வானத்தின் கீழே வண்டி ஓட்டுகிறாளாம், முகமெல்லாம் சிவப்புத் தூசியாம், இடுப்பு வலியாம், அவ்வளவு சந்தோஷமாம். செய்தியை மதினி கன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மேப்பிளுக்குப் போட்டுக் காட்டுவார். உச்சி வேளையில் குடையை விரிப்பார், விளக்கு சாய்ந்ததும் மடக்கி எடுத்துப் போவார். அடுத்த பருவத்தில் பீச் புதுத் தளிர் விட்டது. எனக்கு மனசாட்சி உறுத்தியது.

“மதினி, தளிர் வந்துட்டு. இனி குடை வேணும்னு கட்டாயம் இல்ல.”

“அதெப்படி? ரெண்டு வருஷம்னு நீதான சொன்ன? அளக்குற உத்தியோகத்துல இருந்துக்கிட்டு அளவ மாத்தலாமாட்டி?” என்று சொல்லிவிட்டு, குடைக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

போன மாதம் ஒரு நாள் என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஆடுகிற நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்தார்.

“வண்டி துருவத்துல இருந்து திரும்பிட்டாம். குழாயச் சரிபாத்துக்கிட்டே வாராகளாம். வழியில ஆறு கூடாரம்.”

“கேள்விப்பட்டேன்.”

“மேப்பிள்ல எந்தக் கிளை எங்க இருக்குன்னு உனக்குத்தான் தெரியும். அவ ஒவ்வொரு கூடாரம் தாண்டும்போதும் ஒரு கிளைய இறக்கு. மொத்தமா இறக்கிராத, கருகிரும். கொஞ்சம் கொஞ்சமா. அவ வந்து சேருறப்ப கன்னு வெளிச்சத்துல நிக்கணும். வந்த அன்னைக்கு அடிமரத்தையும் எடுத்துரு.”

“அடிமரம் நிக்கட்டும் மதினி” என்றேன். “கிளை போனாலே போதும். நீங்க பேசுறதுக்கு ஆள் வேண்டாமா? அண்ணாச்சி வச்ச மரம்.”

“அவுககிட்ட கேட்டுட்டேன்.”

“என்ன சொன்னாக?”

“என்னைக்கு அவுக என் பேச்சத் தட்டியிருக்காக?”

கையெழுத்துப் போட்டார். நான் அதை வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்தேன். ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

“எல்லாக் கிளையும் இறக்கியாச்சு, பச்சையும் விழப்போகுதுன்னு வச்சுக்கோங்க. அவ வந்து எறங்கி, அத்தை, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு சொன்னா?”

மதினி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். வாசல்வரை போனவர், சுவரில் சாய்த்து வைத்திருந்ததை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“அதுக்குத்தான் குடை இருக்குல்லா” என்றார்.